எங்கிருந்து தூரம்?

அடுத்த கிழமை முதல் மேல்மாடி ஆங்கில வகுப்பை எடுக்கப்போகிற உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு முப்பத்தொரு வயதுதான். ஓய்வு பெற்ற பெரியவர் மாதிரிக் கதைக்கிறேன் என்று சிரிக்காதீர்கள். வேலையை விட்டுப் போகிறவர், வருகிறவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது நம் நிலையத்தின் வழக்கம். எனக்கு முன்னால் அங்கே படிப்பித்தவர் ஒரு பிளேன்டீயைக் குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ஃபேனைக் கூட்டிப் போட்டா கத்தும், மெதுவாப் போடும். கோச்சி வந்தா கதைக்கிறதை நிப்பாட்டும். போர்டில எழுதுறதை யோசிச்சு எழுதும்."

அவ்வளவுதான். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். முதல் இரண்டும் எனக்கு அன்றைக்கே விளங்கின. மூன்றாவது விளங்குவதற்குச் செல்வி என்ற பிள்ளை வரவேண்டியிருந்தது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதல்லவா? நான் கொழும்பிலேயே பிறந்த கொட்டாஞ்சேனைக்காரன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலைத்தான் நீட்டுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரைக்கும் பார்த்த முதல் ஆள் நான். ஆங்கிலம் எனக்கு வீட்டில் காதில் விழுந்து வந்ததில்லை. கோயில் வளவுக்குள் நடந்து நடந்து, வசனம் வசனமாகப் பாடமாக்கி வந்தது. இந்த வேலைக்கு வந்த அன்றும் ஒரு நல்ல வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டுதான் வந்தேன். அதைச் சொன்னதும் வேலை கிடைத்தது. அதனால் நல்ல வசனம் ஒன்று கையில் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் மற்றவர்களுக்கும் படிப்பித்தேன்.

நம் வகுப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கை. கீழே பேக்கரி, மேலே நாம். வருகிறவர்கள் எல்லோரும் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள். மாலையில் பாண் வேகிற வாசம் படியேறி வரும்போது வினைச்சொல்லாவது, பெயரடையாவது, ஒன்றும் யார் தலையிலும் ஏறாது. அவர் சொன்ன கோச்சி, அதுதான் கரையோர ரயில், போகும்போது நான் ஒரு விரலை உயர்த்துவேன். எல்லோரும் வாயை அப்படியே திறந்தபடி நிறுத்திவிட்டு, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். வெளியாள் பார்த்தால் சிலைக் கண்காட்சி என்றே நினைப்பார்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு வகுப்புத் தவணையில் மூன்று பேர் ஒரே வேலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். மலைநாட்டிலும் கிழக்குக் கரையிலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு பங்களாக்கள் நடத்துகிற ஒரு நிறுவனம். ஹெவ்லொக் டவுனில் அலுவலகம். விருந்தினர்கள் தொலைபேசியில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஒருவன் சேவியர். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்காரன், என் வயது. வகுப்பில் என்னை "சேர்" என்பான், படியிறங்கியதும் "மச்சான்" என்பான். இரண்டாவது, வத்சலா அக்கா. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்து மாடி வீட்டில் இருக்கிறவர். பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள், இனி நானும் வேலைக்குப் போகப்போகிறேன் என்று நாற்பத்தைந்து வயதில் கொப்பியும் பேனையுமாக வந்தவர். மூன்றாவது செல்வி. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால் உள்ள பெண்கள் போர்டிங்கில் தங்கியிருந்தாள். மூவரிலும் ஆங்கிலம் குறைவு அவளுக்குத்தான். ஆனால் இந்த வேலை இல்லாமல் முடியாது என்ற நிலைமையும் அவளுக்குத்தான்.

"அம்மா என் பாஸ்போர்ட்ட ஏஜென்சிக்காரர்கிட்ட குடுத்துட்டாங்க சேர். இந்த வேல கெடச்சா திருப்பி வாங்கிருவேன்னு சொல்லியிருக்கேன். கெடைக்கலைன்னா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகணும்."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். துணியை விரித்துக் காட்டி, "இது சாயம் போகாதுங்க" என்று சொல்கிற அதே குரல். ஆனால் சொல்லும்போது பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நேர்முகத்தில் முதல் கேள்வி என்னவென்று உலகத்துக்கே தெரியும். எங்கேயிருந்து வருகிறீர்கள், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்காக ஒரு மாலை 'ரிமோட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். போர்டில் பெரிதாக எழுதினேன்.

"அது எங்கட வீட்டில தங்கச்சிட்ட இருக்கு சேர்," என்றான் சேவியர். "நாடகம் முடியுமட்டும் தரமாட்டாள்."

சிரிப்பு அடங்கியபின் நான் பெயரடையின் பொருளை விளக்கினேன். எளிதில் போய்ச் சேர முடியாத, ஒதுங்கிய, வெகு தூரத்து இடம். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறவர்கள்கூட இப்போது இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்றேன்.

"கஷ்டப் பிரதேசம் எண்டு சொல்லுமன் தம்பி," என்றார் வத்சலா அக்கா. "என்ர அக்கா முதல் முதல் படிப்பிக்கப் போனது அப்பிடி ஒரு இடம்தான். கவர்ண்மேந்தே அப்பிடித்தானே பேர் வச்சிருக்கு. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம்."

சரியான உதாரணம் என்று பாராட்டினேன். அப்போது செல்வி கையை உயர்த்தினாள்.

"யாருக்குங்க சேர் கஷ்டம்? போறவங்களுக்கா, அங்கயே இருக்கிறவங்களுக்கா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ரயில் வந்தது. விரலை உயர்த்தினேன். மாத்தறைப் பக்கம் போகிற நீளமான ரயில். அது போய் முடிந்தபோது கேள்வியும் அதோடு போய்விட்டது. நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன்.

"சரி செல்வி, உங்கட ஊரைப் பற்றி ஏதாவது சொல்லுங்க. முதல்ல தமிழில சொல்லுங்க. பிறகு இங்கிலீசாக்குவம்."

அவள் எழுந்து நின்றாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு தம்பி பிறந்த கதையைச் சொன்னாள்.

"அம்மாவுக்கு வலி வந்துருச்சு. வண்டி ஒண்ணுமில்ல. கொழுந்து ஏத்துற லொறிதான் நின்னுச்சு. சாக்கெல்லாம் ஒதுக்கிட்டு அம்மாவ ஏத்துனாங்க. அத்தையும் நானும் பின்னால. லொறிக்காரரு பயத்துல ஹாரன் அடிச்சுக்கிட்டே ஓட்டுறாரு. ரோட்டுல ஒரு மாடுகூட இல்ல, யாருக்கு அடிச்சாரோ தெரியல. பாதி வழியில, கொழுந்துச் சாக்கு மேலயே தம்பி பொறந்துட்டான். அவனுக்கு நல்ல பேரு வச்சிருக்கு சேர். ஆனா தோட்டம் பூரா அவன் பேரு லொறிதான். ஸ்கூல்ல டீச்சரே 'லொறி, எந்திரிச்சு வாசி'ன்னுதான் சொல்லுவாங்க."

வத்சலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சேவியர் மேசையில் தட்டினான். "கொழுந்தோட சேத்து அவனையும் நிறுத்தாங்களா?" என்று கேட்டான்.

"அத்த சொன்னாங்க, அன்னைக்கு நிறுவையில கொழுந்து கூடுதலா வந்துச்சாம்," என்றாள் செல்வி.

இவ்வளவு உயிருள்ள கதையைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? போர்டைத் துடைத்தேன். சோக்கட்டியை எடுத்து, அழகான கையெழுத்தில் அவளுக்காக மூன்று வசனங்கள் எழுதினேன்.

"ஐ கம் ஃப்ரொம் எ ரிமோட் விலேஜ். வீ ஹேட் மெனி டிஃபிகல்ட்டீஸ். தேர்ஃபோர், ஐ நோ த வேல்யூ ஒஃப் ஹார்ட் வேர்க்."

நான் ஒரு ரிமோட் கிராமத்திலிருந்து வருகிறேன், எங்களுக்குப் பல கஷ்டங்கள் இருந்தன, ஆகவே கடின உழைப்பின் அருமை எனக்குத் தெரியும். அந்த 'தேர்ஃபோர்' என்ற சொல் எனக்குப் பெரிய விருப்பம். அதைச் சொன்னால் கழுத்துப்பட்டி கட்டின மாதிரி இருக்கும். செல்விக்குக் கதை போய் வசனம் வந்தது. அவள் அதைப் பார்த்து எழுதினாள்.

எழுதினது அவள் மட்டுமா? நீங்களும் டியூஷனில் வளர்ந்தவர்கள்தானே, உங்களுக்குத் தெரியாதா? போர்டில் இருப்பதை எழுதாமல் விட நம் ஆட்களுக்குக் கை வராது. யாருக்காக எழுதியது, எதற்காக எழுதியது என்ற கேள்வியே கிடையாது. ஒரு மூலையில் என் தொலைபேசிக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தாலும் அதையும் தேதி போட்டு எழுதிக்கொள்வார்கள். வகுப்பு முழுவதும் குனிந்து எழுதியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

நேர்முகத்துக்கு மூவரையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். பழைய வீடொன்றை அலுவலகமாக்கியிருந்தார்கள். தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலிகள். சுவரில் அவர்களுடைய பங்களாக்களின் படங்கள். மூடுபனி, பச்சை மலை, நடுவில் சிவப்புக் கூரை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு மூன்று சொற்கள். செல்வி ஒரு படத்தின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டினாள்.

"ரிமோட் அண்ட் பியூட்டிஃபுல்."

திரும்பி என்னைப் பார்த்தாள். "சேர், இங்க ரிமோட்டுன்னா நல்லதா?"

"ஓம்... இங்க நல்லது. ஒரு சத்தமும் இல்லாத இடம் எண்டு அர்த்தம். அதுக்கு வெள்ளைக்காரர் காசு குடுப்பினம்."

"ஆனா நம்ம வசனத்துல கஷ்டம்னு வருதே சேர்."

"அது வேற இடம்."

"இல்லைங்க சேர்." படத்தில் ஒரு மலை விளிம்பைத் தொட்டாள். "இது எங்க மலைதான். இந்தப் பக்கம் இறங்கினா எங்க லயம், எங்க வீடு."

எனக்கு அந்தத் தாழ்வாரத்தில் வியர்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

முதலில் சேவியரைக் கூப்பிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். கதவு மூடிய சற்று நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நான் செல்வியைப் பார்த்து, "கெட்டிக்காரன், சிரிக்க வச்சிட்டான்" என்றேன். சேவியர் வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"என்னடா?"

"மச்சான்..." தடுமாறி, "சேர்..." என்று திருத்தி, மறுபடி "மச்சான்" என்றே தொடர்ந்தான். "எங்கயிருந்து வாறீங்கண்டு கேட்டாங்க. நான் அந்த வசனத்தைச் சொல்லிட்டேன்."

"எந்த வசனம்?"

"ரிமோட் விலேஜ்."

"நீ கொட்டாஞ்சேனையடா!"

"அதான் அவங்களும் சொன்னாங்க. கொழும்பு பதின்மூணுண்டு விலாசத்துல இருக்கே, என்ன கஷ்டம் பட்டீங்கண்டு கேட்டாங்க. ஹார்பர் பக்கம் ட்ரஃபிக் கூடண்டு சொன்னேன்."

செல்வி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவசரமாக வத்சலா அக்காவின் பக்கம் திரும்பினேன். அந்த நாற்காலி வெறுமையாக இருந்தது. சேவியர் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அக்கா விவரமான மனுஷி. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லமாட்டார்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த முறை முன்னதைவிடப் பெரிது. யாரோ இருமவும் செய்தார்கள்.

வத்சலா அக்கா வெளியே வந்து நேரே நாற்காலியில் விழுந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்னை ஏசாதையும்."

"அக்கா, நீங்களுமா?"

"பயத்தில வேற ஒண்டும் வரேல்லை. வாயைத் திறந்தன், அதுதான் வந்தது. பாடமாக்கினது சும்மா இருக்குமே? 'எந்தக் கிராமம் மேடம்?' எண்டு அந்த ஐயா கேட்டார். 'வெள்ளவத்தை' எண்டன்." கைப்பையை இன்னும் இறுக்கினார். "அவர் தன்ர வீடும் வெள்ளவத்தைதானாம் எண்டார்."

சேவியர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். வத்சலா அக்காவும் சிரிக்கத் தொடங்கினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்தது செல்வி. உள்ளே இருக்கிறவர்களுக்கு அந்தச் சொல் இப்போது நகைச்சுவையாகிவிட்டது. உண்மையிலேயே அந்தச் சொல்லுக்கு உரியவள் போய்ச் சொல்லும்போது, அவர்கள் மூன்றாவது தடவையும் சிரிப்பார்கள். சிரித்தால் இவள் உடைந்துவிடுவாள். உடைந்தால் குவைத்து.

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைக் கவனித்து வாசியுங்கள். நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு தாழ்வாரத்தில் நிற்பீர்கள். கதவு எந்த நேரமும் திறக்கலாம். உங்களை நம்பி வந்த ஆள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் படிப்பிக்கிறவனுக்கு வாய் சும்மா இராது.

"செல்வி, ரிமோட் வேண்டாம். 'ஐசொலேட்டட்' எண்டு சொல்லுங்க. இல்லை, அது தனிச்சுப்போன மாதிரி, சோகமா இருக்கும். 'அவுட்லையிங்' சொல்லுங்க. அது நகரத்துக்கு வெளி எண்டுதான் வரும், அவ்வளவு தூரம் வராது. 'ஃபார் ஃப்ளங்' எண்டு ஒண்டு இருக்கு..."

"ஃபார்?"

"ஃபார் ஃப்ளங். யாரோ தூக்கித் தூர வீசிவிட்ட மாதிரி..."

"எங்கள யாரு சேர் வீசுனது?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டாள். ஆனால் கண்கள் கலங்கத் தொடங்கியிருந்தன. நான் கொடுத்த ஒவ்வொரு சொல்லும் அவளிடம் இருந்த ஒன்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதை என்னால் பார்க்க முடிந்தது. முதலில் அந்த மூன்று வசனம் போனது. பிறகு சாதாரண 'குட் மோர்னிங்' கூடப் போய்விடும்போல இருந்தது. நான் இன்னொரு சொல்லைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது வத்சலா அக்கா, நம் வகுப்பில் ரயில் வந்தால் நான் செய்வதைப் போலவே, ஒரு விரலை உயர்த்தினார்.

நான் நிறுத்தினேன். பழக்கதோஷம்.

செல்வி மூச்சை இழுத்துவிட்டாள். படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"சேர், லொறிக்கு இங்கிலீசுல என்னங்க?"

"லொறிதான்."

"லொறியேதானா?"

"லொறியேதான்."

முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எனக்குத் தெரியும்," என்றாள்.

கதவு திறந்தது. அவள் போய்விட்டாள்.

நாங்கள் மூவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். சேவியர், "மாதாவே, காப்பாத்து" என்று முணுமுணுத்தான். பிறகு சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு முன்னைய இரண்டையும் போல வெடித்து அடங்கவில்லை. கொஞ்சம் நிற்கும், அவளுடைய குரல் கேட்கும், மறுபடி வரும். கடைசியில் ஒரு பெண் குரல், தமிழிலேயே, "ஐயோ பாவம், அம்மா!" என்றது. அதற்குப் பிறகும் சிரிப்பு.

வெளியே வந்த செல்வி, "பசிக்குது சேர்" என்றாள். வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து, சைவக் கடையில் உளுந்து வடையும் தேத்தண்ணியும் வாங்கி வைத்தபிறகுதான் வாய் திறந்தாள். நடந்ததை அவள் சொன்னபடியே தருகிறேன்.

"அந்த ஐயா சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. 'நீங்களும் ரிமோட் விலேஜா?'ன்னு கேட்டாரு. நான் சொன்னேன், 'நோ சேர். மை விலேஜ் இஸ் நொட் ரிமோட். ஹொஸ்பிட்டல் இஸ் ரிமோட்.'"

சேவியரின் கையிலிருந்த வடை அப்படியே நின்றது.

"அவரு சிரிப்ப நிப்பாட்டிட்டு, 'வட் டூ யூ மீன்?'னாரு. நான், 'மை பிரதர் போர்ன் இன் லொறி, சேர்'னேன். அப்புறம் கையால காட்டிக் காட்டிச் சொன்னேன். ஹாரன் மட்டும் வாயால அடிச்சேன்."

"உள்ளுக்க ஹாரன் அடிச்சியா?"

"இங்கிலீசுல ஹாரனுக்கு என்னன்னு தெரியலீங்களே அண்ணே."

"ஹாரன்தான்!" என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்க தமிழ் கதைக்கிற ஒரு மேடம் இருந்தாங்க," என்று தொடர்ந்தாள். "அவங்க கேட்டாங்க, 'வெளிநாட்டு ஆளு ஒருத்தர் போன் பண்ணி, உங்க பங்களா ரிமோட்டான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?' நான் சொன்னேன், 'ஃபர்ஸ்ட் ஐ ஆஸ்க், ஹவ் இஸ் யுவர் ஹெல்த், மேடம்? இஃப் குட் ஹெல்த், யெஸ், வெரி ரிமோட், வெரி நைஸ். இஃப் பேபி கமிங், டோன்ட் கம் மேடம்.'"

வத்சலா அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் கொண்டுபோன கேள்விக்கு இவள் தானே பதில் கண்டுபிடித்திருந்தாள். ஒரு பெயரடையின் பயன்பாட்டை நான் அகராதியைப் பார்த்து எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். தூரம், ஒதுக்குப்புறம், எட்டாத இடம். எங்கிருந்து தூரம், யாருக்கு எட்டாது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சுவரில் இருந்தால் அது விளம்பரம், மனுவில் இருந்தால் முறைப்பாடு. சொல்கிறவர் எங்கே நிற்கிறார், அவருக்கு என்ன தேவை என்று பார்த்தால் தவிர, அந்தச் சொல் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது.

பதில் வர ஒரு கிழமை சென்றது. அந்த ஒரு கிழமையும் செல்வி வகுப்புக்கு வந்து, தொலைபேசியை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏஜென்சிக்காரர் அம்மாவிடம் அவளுடைய மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். போகிறேன் என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் இருந்தாள்.

அழைப்பு வந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தொலைபேசி அடிக்க, அவள் எடுத்துக் காதில் வைக்க, ரயில் வந்தது. நான் வழக்கம்போல விரலை உயர்த்தினேன், வகுப்பு சிலையானது. அவள் மட்டும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ரயிலுக்கு மேலால் கத்தினாள். "யெஸ் மேடம்! யெஸ் மேடம்! யெஸ் மேடம்!" எதற்கு யெஸ் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ரயில் போய் முடிந்தபோது அவள் தொலைபேசியை வைத்துவிட்டிருந்தாள்.

"என்னவாம்?"

"சரியா கேக்கலைங்க சேர். ஒண்ணாந்தேதி வரச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"மாதிரியா? திருப்பி எடு பிள்ளை!" என்று வத்சலா அக்கா பதறினார். திருப்பி எடுத்தாள். ஒண்ணாந்தேதிதான். வகுப்பு போட்ட கூச்சலில் கீழேயிருந்து பேக்கரிக்காரர் ஓடிவந்து, "மொனவத சேர், மொனவத?" என்று சிங்களத்தில் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும், சூடாக ஒரு தட்டு மீன் வைத்த மாலுபாண் மேலே வந்தது. செல்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவுக்கு அழைத்தாள். "பாஸ்போர்ட்ட வாங்கிருங்கம்மா" என்பதை மட்டும் நான் கேட்டேன். மிச்சத்தைக் கேட்காமல் போர்டைத் துடைக்கப் போய்விட்டேன்.

வத்சலா அக்காவையும் எடுத்தார்கள். தொலைபேசிக்கு அவருடைய குரல் நல்லதாம். கிராமத்தைப் பற்றி அவரிடம் இனிக் கேட்பதில்லை என்றும் முடிவு செய்தார்களாம். சேவியருக்குக் கிடைக்கவில்லை. "உண்மையான ரிமோட் நான்தான் மச்சான்," என்று கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தான். "ஒருத்தனும் என்னை எட்டிப் பாக்கேல்லை." பிறகு துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரிடம் வேலை கிடைத்தது. ட்ரஃபிக் பற்றி இப்போதும் முறைப்பாடு சொல்கிறான்.

அதற்குப் பிறகு நான் போர்டில் மாதிரிப் பதில் எழுதுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவரவர் வீட்டிலிருந்து ஒரு சம்பவம் கேட்பேன். அதில் அந்தச் சொல் எங்கே உட்காருகிறதோ, அங்கே இருக்கட்டும். உட்காராவிட்டால் சொல்லை விட்டுவிடலாம், சம்பவத்தை விடக்கூடாது. நேர்முகத்துக்குப் போகிறவருக்குக் கதவடியில் புதிதாக ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை. என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, என் வாயைப் பொத்திக்கொள்வேன். இதைவிட நல்ல முறை உங்களிடம் இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். ஃபேனை மட்டும் கூட்டிப் போடாதீர்கள்.

இனி, நான் ஏன் போகிறேன் என்ற கேள்வி. அரச பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் நியமனம் வந்திருக்கிறது. நியமனக் கடிதத்தில் பாடசாலையின் பெயருக்குப் பக்கத்தில் 'அதிகஷ்டப் பிரதேசம்' என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் இருவரும் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்த விதம் எனக்குத் தெரியும். அம்மா கொட்டாஞ்சேனையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டார். "அவ்வளவு தூரம் ஏண்டா மகனே? உனக்கு ஆர் சமைச்சுத் தாறது?" அப்பா கடிதத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகவா நேராகவா பிடித்திருக்கிறோம் என்று என்னிடம் கேட்டு, நேராகப் பிடித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மாலை செல்விக்கு அழைத்தேன். அவள் இப்போது மலையில் அந்தப் படத்தில் பார்த்த பங்களாவிலேயே விருந்தினர் பொறுப்பில் இருக்கிறாள். ஊரின் பெயரைச் சொன்னேன்.

"ஐயோ சேர்!" என்று கத்தினாள். பின்னால் யாரோ வெள்ளைக்காரர் திடுக்கிட்டு "இஸ் எவ்ரிதிங் ஓகே?" என்று கேட்பது கேட்டது. "யெஸ் யெஸ், வெரி குட் நியூஸ்," என்று அவருக்குச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "எங்க லொறி படிச்ச ஸ்கூல்தான் சேர் அது! இங்கிலீசுக்கு ஆளே இல்லாம இருந்துச்சு. நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க. பஸ்ஸ விட்டு எறங்குன உடனே லொறி நிப்பான்."

"லொறியிலயா போகவேணும்?"

"இல்லைங்க சேர், அவன் இப்ப த்ரீவீல் ஓட்டுறான். ஹாரன் மட்டும் கொஞ்சம் கூட அடிப்பான்."

"அதிகஷ்டப் பிரதேசம் எண்டு போட்டிருக்கு செல்வி."

அவள் சிரித்தாள்.

"அது பக்கம் சேர். ரொம்பப் பக்கம்."

எங்கிருந்து பக்கம் என்று நான் கேட்கவில்லை.